லெப்ரான் ஜேம்ஸும் இன்னொரு பந்தும்

லெப்ரான் ஜேம்ஸ் கூடைப்பந்தை விட்டுவிட்டு அமெரிக்கக் கால்பந்தில் இறங்கியிருந்தால் அங்கும் அவரே ராஜா என்று அடித்துச் சொல்பவர்களுக்கு அந்நாட்டில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை. 2011-ல் அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே மூண்ட தகராறில் என்.பி.ஏ. ஜூலை முதல் டிசம்பர் வரை கதவடைத்துக் கிடந்தபோது இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போயிற்று. டாலஸ் கௌபாய்ஸ் கால்பந்து அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் தமக்கு ஒப்பந்தமே அனுப்பியதாக ஜேம்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 6 அடி 9 அங்குல உயரம், 250 பவுண்டு எடை, அந்த எடையோடும் மானின் ஓட்டம். வேறென்ன வேண்டும் என்பது அவர்களின் வாதம். வேண்டியவை ஏராளம் என்பது நம் வாதம். 26 வயதில், எட்டு ஆண்டுகளை வேறோர் ஆட்டத்துக்கு முழுதாக ஒப்புக்கொடுத்த பின் அங்கே போயிருந்தால் அவர் வென்றிருக்க மாட்டார். வென்றிருப்பார் என்பவர்கள் இரண்டு ஆட்டங்களையும் சிறுமைப்படுத்துகிறார்கள். அதைவிட மோசமாக, யாரைப் புகழ்வதாக நினைக்கிறார்களோ அவரையே சிறுமைப்படுத்துகிறார்கள்.

தமிழ் வாசகருக்கு ஒரு விளக்கம். இங்கே நாம் கால்பந்து என்பது உலகம் உதைத்தாடும் பந்தை அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், 11 பேர் 11 பேரை மோதித் தள்ளிக் கெஜம் கெஜமாக நிலம் பிடிக்கும் ஆட்டத்தை. (காலுக்கு அவ்வளவாக வேலையில்லாத ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று அமெரிக்கர்களைத்தான் கேட்கவேண்டும்.) அதில் குவார்ட்டர்பேக் பந்தை எறிபவர்; படைத்தளபதி போன்றவர். வைட் ரிசீவர் விளிம்பிலிருந்து ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர். டைட் எண்ட் சில வேளை பிடிப்பவர், சில வேளை எதிரியை முட்டித் தடுப்பவர். ஜேம்ஸுக்கு அவருடைய அபிமானிகள் ஒதுக்கும் வேலை பின்னிரண்டில் ஒன்று. முதலாவது ஏன் ஒதுக்கப்படுவதில்லை என்ற கேள்விக்குப் பிறகு வருவோம்.

பந்தைப் பிடிப்பது கையின் காரியமாகத் தோன்றும். ஆனால் அது கடைசிக் கணத்தின் காரியம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளில்தான் ஆட்டமே இருக்கிறது. புறப்பட்ட கோட்டிலிருந்து 5 கெஜ தூரத்துக்குள் எதிரணித் தடுப்பாளர் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளலாம். விதியே அதற்கு இடம் தருகிறது. அந்தக் கைகளை விலக்கிக்கொண்டு, வேகம் குன்றாமல், இத்தனையாவது எட்டில் இந்தக் காலை ஊன்றித் திரும்பவேண்டும் என்று வகுக்கப்பட்ட தடத்தில் ஓடவேண்டும். அவர் திரும்பிப் பார்க்கும் முன்பே பந்து குவார்ட்டர்பேக்கின் கையைவிட்டுக் கிளம்பியிருக்கும். அவர் வந்து சேரவேண்டிய இடத்தை நோக்கி அது பறந்துகொண்டிருக்கும். பல தடங்கள் ஓட்டத்தின் நடுவே மாறுபவை என்பது இன்னும் பெரிய தொல்லை. எதிரணி ஆளுக்கு ஆள் காவல் நிற்கிறதா, பரப்பைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கிறதா என்பதை ஓடியபடியே வாசித்து, உள்ளே வளைவதா வெளியே வளைவதா என்று முடிவெடுக்கவேண்டும். எறிபவரும் அதே கணத்தில் அதே முடிவுக்கு வந்திருக்கவேண்டும். இருவர் வாசிப்பும் ஒத்துப்போகாவிட்டால் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். ஆண்டுக்கணக்கில் ஆடி ஆடிச் சேர்வது இந்த அறிவு. உயரம் இதைக் கற்றுத் தராது.

டைட் எண்ட் வேலை இதைவிடக் கொடியது. வரிசையில் குனிந்து நின்று, தன்னைவிடக் கனத்த ஒருவரை முட்டி நகர்த்தவேண்டிய இடம் அது. அங்கே தாழ்ந்து நிற்பவர் வெல்வார். கூடைப்பந்தில் வரமாயிருந்த நீண்ட கால்கள் இங்கே எதிரிக்கு எட்டிய இலக்கு. பந்தோடு ஓடும் நெடியவரை முழங்காலுக்கருகே மோதிச் சாய்ப்பது பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்ட செயல்தான்.

உடனே அன்டோனியோ கேட்ஸின் பெயரை எடுத்துவருவார்கள். எடுத்துவரவேண்டிய பெயர்தான். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து மட்டுமே ஆடியவர். 2003-ல் எந்த அணியும் தேர்வுச் சுற்றில் எடுக்காத நிலையில் சான் டியேகோ சார்ஜர்ஸில் சேர்ந்தார். 116 டச்டவுன்கள் பிடித்தார். டைட் எண்டுகளில் அவ்வளவு பிடித்தவர் வேறெவரும் இல்லை. 2025-ல் அந்த ஆட்டத்தின் புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதன் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். கேட்ஸ் டெட்ராயிட்டில் பள்ளிப் பருவத்திலேயே கால்பந்து ஆடியவர். கூடைப்பந்தில் அவர் ஆடிய இடத்துக்கு 6 அடி 4 அங்குலம் என்.பி.ஏ.வில் போதாது என்பதால் இங்கே வந்தார். வந்த முதல் ஆண்டில் 24 பந்துகள், 2 டச்டவுன்கள். அடுத்த ஆண்டில் 81 பந்துகள், 13 டச்டவுன்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையே நடந்தது என்ன என்று யோசித்துப் பார்க்கவேண்டும். உடம்பு அதே உடம்புதான். பெயரற்ற புதியவராகத் தவறுகள் செய்யவும் திட்டு வாங்கவும் அவருக்கு ஓராண்டு கிடைத்தது. மயாமி பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் கூடைப்பந்து ஆடிவிட்டு ஓராண்டு மட்டும் கால்பந்து ஆடிய ஜிம்மி கிரகாமும் அப்படித்தான். நியூ ஆர்லீன்ஸில் முதல் ஆண்டில் 31, இரண்டாம் ஆண்டில் 99. அந்த ஆட்டத்தில் தோற்றாலும் போக வேறு இடமில்லாதவர்கள் இவர்கள். உச்சியில் நிற்கும் ஒருவருக்கு, லட்சம் கண்களுக்கு முன்னால், அந்த இருட்டான ஓராண்டை யார் தருவார்கள்?

உயரத்துக்குச் சான்றாக 6 அடி 8 அங்குல ஹரால்ட் கார்மைக்கேலைக் காட்டலாம். அவர் கல்லூரியிலேயே கால்பந்து கற்றுவந்தவர். வேகத்துக்குச் சான்றாக, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றபின் டாலஸில் ரிசீவராகப் புகழடைந்த பாப் ஹேய்ஸைக் காட்டலாம், அவரும் அப்படியே. ஜேம்ஸும் பள்ளியில் ஆடியவர்தானே என்றால், ஆம், அக்ரன் நகரப் பள்ளியில் சிறந்த ரிசீவராக விளங்கி, தம் அணியை ஓஹையோ மாநில அரையிறுதிவரை கொண்டுசென்றவர். கடைசிப் பள்ளியாண்டில் அவர் ஆடவில்லை. 18 வயதில் அவர் கால்பந்தைத் தேர்ந்திருந்தால் கதை வேறு. அதை நாம் மறுக்கவில்லை. 2011-ல் அந்தப் பள்ளி ஆட்டத்துக்குப் பத்து வயதாகியிருந்தது.

நட்சத்திரம் ஒருவர் உண்மையிலேயே தாண்டிப் பார்த்த கதையும் நம்மிடம் இருக்கிறது. மைக்கேல் ஜோர்டன் 1994-ல் பேஸ்பாலுக்குப் போனார். பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற இரண்டாந்தர அணியில் 127 ஆட்டங்கள், சராசரி.202, அதாவது ஐந்து முறை மட்டையேந்தினால் ஏறத்தாழ ஒருமுறை உருப்படியான அடி; 114 முறை பந்தைத் தொடமுடியாமல் வெளியேறினார். இதை வைத்து அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. நாம் அந்தக் கூட்டத்தில் இல்லை. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் சிற்றூர்களுக்குப் பேருந்தில் போய், தன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு தோற்கத் துணிந்தார். அந்தத் தோல்வியில் பேஸ்பாலுக்கு அவர் செலுத்திய மரியாதை இருக்கிறது. அவருடைய அபிமானிகளிடம் அது இல்லை.

சிறந்த கவிஞரிடம் போய், உங்களுக்கென்ன, உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் நாவல் எழுதிவிடலாமே என்று குழைபவர்கள் நம் இலக்கியக் கூட்டங்களிலும் உண்டு. அதில் கவிதையைப் பற்றிய புரிதல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் இந்தக் கால்பந்துப் பேச்சிலும்.

இனி, ஒத்திப்போட்ட கேள்வி. ஜேம்ஸ் கூடைப்பந்தில் செய்வது என்ன? களம் முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கி, இன்னும் அங்கே வந்து சேராத தோழனுக்குப் பந்தை அனுப்புவது. 2019-20 பருவத்தில், 35 வயதில், லீகிலேயே அதிக அசிஸ்டுகள் கொடுத்தவர் அவர். 2023 பிப்ரவரியில் கரீம் அப்துல்-ஜப்பாரின் மொத்தப் புள்ளிச் சாதனையைத் தாண்டிய அதே மனிதரின் இன்னொரு முகம் இது. கால்பந்தில் இதற்கு மிக நெருங்கிய வேலை குவார்ட்டர்பேக்கினுடையது. ஆயினும் கனவு காண்பவர்கள் அவரை எறிபவராகப் பெரும்பாலும் காண்பதில்லை; ஓடுபவராக, தாவுபவராக, மோதுபவராகவே காண்கிறார்கள். அவரால் குவார்ட்டர்பேக் ஆகியிருக்க முடியும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கும் அதே ஆண்டுகள் தேவை, இன்னும் கூடுதலாகவே. கனவிலும்கூட அந்த நாற்காலி ஏன் அவருக்கு நினைவுவரவில்லை என்பதே நம் கேள்வி.

அந்த மறதிக்கு வரலாறு உண்டு. கறுப்பரிடம் உடம்பு இருக்கிறது, ஆட்டத்தை வழிநடத்தும் மூளை இல்லை என்று அமெரிக்கக் கால்பந்து நெடுங்காலம் நம்பியது. 1968-ல் டென்வர் அணிக்காக 14 டச்டவுன்கள் எறிந்த மார்லின் பிரிஸ்கோவுக்கு அடுத்த ஆண்டு அந்த இடம் மறுக்கப்பட்டது. பஃபலோவுக்குப் போய் வைட் ரிசீவராக மாறவேண்டியிருந்தது. வாரன் மூனை 1978-ல் தேர்வுச் சுற்றில் எவரும் எடுக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போய் எட்மண்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து கோப்பைகள் வென்றபின் 1984-ல்தான் ஹியூஸ்டனுக்குத் திரும்பினார். 1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ் சூப்பர் பௌல் வெல்லும்வரை எந்தக் கறுப்புக் குவார்ட்டர்பேக்கும் அதை வென்றதில்லை. இன்றைய அணிகளில் அந்த நிலை மாறிவிட்டது. ஜேம்ஸின் தோளகலத்தையும் தாவும் உயரத்தையும் கூட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் ரசிகர்கள் இந்தப் பழைய கணக்கைத் தெரிந்துதான் போடுகிறார்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. தெரியாமல் போட்டாலும் அது அதே கணக்குதான். பிறவியிலேயே வந்தது என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் விடியலில் எழுந்து கற்ற அத்தனையையும் ஒரு சொல்லில் துடைத்துவிடுகிறோம்.

ஜேம்ஸ் தம் உடம்பைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு அதே 2011-ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஜூனில் இறுதிச் சுற்றில் அவருடைய மயாமி ஹீட், டாலஸ் மேவரிக்ஸிடம் தோற்றது. அதன்பின் அவர் ஹியூஸ்டனுக்குப் போய் ஹக்கீம் ஒலாஜுவானிடம் பாடம் கேட்டார். லாகோஸில் உதைபந்து ஆட்டத்தில் கோல்கீப்பராக நின்றவர் ஒலாஜுவான். 15 வயதளவில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். பின்னர் ஹியூஸ்டனுக்கு 1994, 1995 என இரண்டு பட்டங்கள் வாங்கித் தந்தவர். கூடைக்கு முதுகு காட்டி நிற்பது, தோளை ஒரு பக்கம் அசைத்து மறுபக்கம் திரும்புவது, எந்தக் காலை ஊன்றுவது, எந்தக் காலைத் தூக்குவது என்று, ஏற்கெனவே இரண்டுமுறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றிருந்தவர், தம் சொந்த ஆட்டத்தில், அந்தக் கோடையில் அரிச்சுவடி படித்தார். அடுத்த ஜூனில் மயாமி ஓக்லஹோமா சிட்டியை வென்றபோது கோப்பையோடு இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவர் கைக்கு வந்தது.