அலை இல்லாத கடலுக்கு ஒரு வக்காலத்து

"தூத்துக்குடிக் கடலா? அது கடலா, கம்மாயா?"

கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்கள், சென்னை ஆட்கள், யூடியூபில் ஹவாய் அலைகளைப் பார்த்து வளர்ந்த ஆட்கள் என்று எல்லோரும் ஒருமுறையாவது அடிக்கிற கிண்டல் இது. இதில் பாதி உண்மை. கீழவைப்பார் கரையில் நின்று பார்த்தால் பல நாட்கள் அலை முழங்காலைத் தாண்டாது. காரணம் எளிது. எதிரே இலங்கை பெரிய மதில் மாதிரி படுத்துக் கிடக்கிறது. இந்தப் பக்கம் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும். வெளிக்கடலில் இருந்து வருகிற அலையின் வேகத்தை அவை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் கரைக்கு அனுப்புகின்றன.

சரி, இருக்கட்டும். அந்தப் பாதி உண்மையிலிருந்து "அலை இல்லாத இடத்தில் என்ன விளையாட்டு?" என்று ஒரு முழுப் பொய்க்குத் தாவுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் பிரச்சினை.

தமிழ்நாட்டில் கடல் விளையாட்டு என்றாலே அலைச்சறுக்கு, அலைச்சறுக்கு என்றாலே கோவளமும் மாமல்லபுரமும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் 2012இல் கூட்டாளிகளோடு ஆரம்பித்த பள்ளி, மீனவக் குப்பத்துப் பையன்களை தேசியப் போட்டிகளில் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. அவர்களுக்கு ஒரு சல்யூட். ஆனால் கடல் என்பது அலை மட்டும் இல்லையே! கடல் என்றால் காற்றும்தான்.

காற்று விஷயத்தில் தூத்துக்குடிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் கச்சான். மலைக் கணவாய்களுக்குள் புகுந்து, முப்பந்தலிலும் கயத்தாறிலும் அத்தனை காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இந்தக் கரைக்கும் வந்து சேர்கிறது. அது ஓய்ந்து, மழைக்காலம் கழிந்து, மார்கழி தையில் வாடையும் கொண்டலும். ஆக வருஷத்தில் இரண்டு சீசன். காற்று பலமாக, தண்ணீர் தட்டையாக, ஆழம் குறைவாக. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் தேடி அலைகிறது. அவர்கள் விளையாடுவது கைட்போர்டிங்.

இது கற்பனைக் கோட்டை இல்லை. தூத்துக்குடியிலேயே அர்ஜுன் மோத்தா 'அக்வா அவுட்பேக்' என்ற பெயரில் சொல்லித் தருகிறார். ராமேஸ்வரம் பக்கம் 'குவெஸ்ட்' இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: காலில் நாலரை அடிப் பலகை. இடுப்பில் ஒரு பட்டை. அந்தப் பட்டையிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகள் போய், வானத்தில் நிற்கிற பெரிய பட்டத்தில் முடிகின்றன. பட்டம் இழுக்கிறது, பலகை ஓடுகிறது.

பட்டம் இழுத்தால் யார் வேண்டுமானாலும் ஓடலாம், இதில் என்ன திறமை என்று கேட்கலாம். இழுக்கிற பக்கம் ஓடுவதற்குத் திறமை வேண்டாம்தான். பலகையைத் தட்டையாக வைத்தால் காற்று எங்கே கொண்டு போகிறதோ அங்கே போய்ச் சேர்வீர்கள். அப்புறம் எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து திரும்பி வரவேண்டும் (புதிதாகக் கற்கிற எல்லோரும் நடக்கிற நடை இது). திறமை இருப்பது பலகையின் விளிம்பில். குதிகாலை அழுத்தி, இடுப்பைத் தள்ளி, உடம்பை மல்லாக்கச் சாய்த்தால் விளிம்பு தண்ணீரைக் கத்தி மாதிரி பிடித்துக்கொள்ளும். பட்டத்தின் இழுவையும் விளிம்பின் பிடியும் மோதிக்கொள்ள, பலகை காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஏறிப் போகும். அடுத்தது திருப்பம். விளிம்பை விட்டுவிடாமல், குதிகாலிலிருந்து விரல்களுக்கு எடையை மாற்றி, பட்டத்தையும் பலகையையும் ஒரே வளைவில் கொண்டு வருவது. இதற்குக் கார்விங் என்று பெயர். செதுக்குவது என்று தமிழில் சொன்னால் இன்னும் பொருத்தம்.

இதே விளிம்பு வித்தை பனியிலும் உண்டு. ஆல்பைன் ஸ்னோபோர்டு என்று குறுகலான பலகை, கெட்டியான பூட்ஸ். சறுக்கித் தேய்த்துத் திரும்பாமல், விளிம்பைப் பனியில் பதித்தே திரும்புவார்கள். சரியாகச் செய்தால் பின்னால் பென்சிலால் போட்ட மாதிரி ஒரு கோடு மட்டும் விழும். இந்த வித்தையைப் பழக ஆல்ப்ஸ் மலை வேண்டும் என்று நினைப்பீர்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பக் ஹில் என்று ஒரு மேடு. மலை என்று சொன்னால் நம்மூர்க் கழுகுமலை சிரிக்கும். உச்சிக்கும் அடிக்கும் சுமார் 300 அடிதான். கீழே இறங்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அங்கே எரிக் சைலர் என்ற பயிற்சியாளரிடம் சின்ன வயதில் பனிச்சறுக்குப் பழகிய பெண்தான் லிண்ட்சி வான். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வாங்கியவர்.

மேடு சின்னது என்றால் ஓட்டமும் சின்னது. ஓட்டம் சின்னது என்றால் ஒரே மாலையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கலாம். பெரிய மலையில் ஒருவன் நாலு தடவை திரும்புகிற நேரத்தில், சின்ன மேட்டில் இன்னொருத்தி நாற்பது தடவை திரும்பியிருப்பாள். விளிம்பு யாருக்குப் பழகும்? வாய்ப்பாடு ஒப்பித்த எவருக்கும் பதில் தெரியும்.

தட்டைத் தண்ணீருக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. அது பொய் சொல்லாது. அலை இருந்தால் தப்பை அலைமேல் போடலாம். "திடீர்னு ஒண்ணு எழும்பிருச்சு மச்சி" என்று சமாளிக்கலாம். வைப்பாற்று முகத்துவாரம் மாதிரி இடத்தில் விழுந்தால் விழுந்தவன்தான் காரணம்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் முடிவைப் பார்க்கலாம். கைட் பந்தயம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஒலிம்பிக் அது. ஆண்கள் பிரிவில் தங்கம் ஆஸ்திரியாவின் வாலன்டின் பொன்டுஸ். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது! வெள்ளி ஸ்லோவேனியா. அந்த நாட்டின் மொத்தக் கடற்கரை 50 கிலோமீட்டருக்கும் குறைவு. வெண்கலம் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர். வயது 17. தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை மட்டும் சுமார் 163 கிலோமீட்டர். அதே பாரிஸில் இந்தியாவிலிருந்து பாய்மரப் படகுப் போட்டிக்குப் போனவர்கள் இரண்டே பேர், விஷ்ணு சரவணனும் நேத்ரா குமணனும். கைட் பிரிவில் ஒருவர்கூட இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. கம்மாய் என்று கிண்டல் செய்துகொண்டே இருப்போமா?

அடுத்த எதிர்க்கட்சிக்கு வருவோம். "இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகள் விளையாட்டு. கீழவைப்பார் பையனுக்கு எதுக்கு?"

இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைய நிலவரப்படி இது உண்மை. பட்டம், கயிறு, பலகை, பட்டை எல்லாம் புதிதாக வாங்கினால் லட்ச ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். பெரும்பாலும் இறக்குமதி. வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் வாங்கவே யோசிக்கிற வீட்டில் இதைப் பேசினால் அடிதான் விழும். ஆனால் விலை அதிகம் என்பது ஒரு கணக்குப் பிரச்சினை. "உனக்கு எதுக்கு" என்பது கணக்கே இல்லை, அது திமிர். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. கணக்குப் பிரச்சினைக்குத் தீர்வு உண்டு. ஒரே பட்டத்தைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், பழைய சாமான் வாங்கலாம், கிழிந்தால் தைக்கலாம். பாய் தைத்த கைகள் இந்தக் கரையில் இன்னும் இருக்கின்றன. இயந்திரம் வருவதற்கு முன்னால் இந்த ஊர்களின் பிழைப்பே காற்றை வாசிப்பதில்தான் இருந்தது.

இந்தக் கரைக்கு ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. முத்துக்குளிப்பு. மூச்சை அடக்கி, காலில் கல்லைக் கட்டி இறங்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கரைக்கு வந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டு வருமானம் பார்த்தது அரசாங்கம். முத்தை விற்றுப் பணக்காரர் ஆனது வியாபாரிகள். மூழ்கியவனுக்குக் கிடைத்தது ஒரு பங்கும் கெட்டுப்போன காதும். 1961க்குப் பிறகு அந்தக் குளிப்பும் இல்லை. இப்போது காற்றும் தட்டைத் தண்ணீரும்தான் புது முத்து. இதையும் வெளியூர்க்காரன் ஏலம் எடுத்து, ஊர்ப்பையன் பட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு டிப்ஸ் வாங்கிக்கொண்டு நிற்கப் போகிறானா?

மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் எதிர்க்கரையைப் பாருங்கள். இலங்கையின் கற்பிட்டி. இதே வளைகுடா, இதே பருவக்காற்று, அதே மாதிரி தட்டைத் தண்ணீர். இன்று ஐரோப்பியர்கள் விமானம் பிடித்து வந்து கைட்போர்டிங் செய்கிற ஊர். வேலை வந்தது, பணம் வந்தது, உண்மை. கூடவே சுற்றுலாத் திட்டங்களுக்காகக் கடற்கரையும் தீவு நிலமும் கைமாறியதை எதிர்த்து அங்கே மீனவர்கள் போராட வேண்டியும் வந்தது. நல்ல காற்று இருக்கிற கரைக்கு வேலி வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது. வேலி வந்த பிறகு விளையாட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மூன்றாவது எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்து வருவது. "கடல் எங்களோட போகட்டும், நீ படிச்சு கரையில உட்காரு." இதைச் சொல்கிற அம்மாக்களிடம் வாதம் செய்யக் கூச்சமாக இருக்கிறது. கடல் எதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்துதான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று. படித்த பிள்ளை கடலை விட்டுப் போனால், கடல் காலியாக இருக்காது. தெரியாதவர்கள் வந்து நிரப்புவார்கள். இந்தக் கரையில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று ஆளை வெளிக்கடலுக்குத் தள்ளும். கயிறு அறுந்தவனைத் தேடிப் போகப் படகு வேண்டும், எந்த நேரத்தில் காற்று திரும்பும் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த அறிவு இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதற்குச் சம்பளம் போட்டு, சான்றிதழ் கொடுத்து, பயிற்சியாளர் என்று பெயர் வைத்தால் அதுவும் கரையில் உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகம்தான்.

கடைசியாக, நியாயமான ஒரு எதிர்ப்பு. இது கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. 1986இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள். காரியாச்சல்லித் தீவு கண்ணெதிரே சுருங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே புது ஆட்டம் தேவையா? தீவுகள் பக்கமும் பாறைகள் பக்கமும் தேவையே இல்லை, ஒரு அடிகூட. கரையோரத்தில், வலை போடாத நேரத்தில், ஊர் குறித்துக் கொடுத்த எல்லைக்குள் போதும். பட்டத்துக்குப் பெட்ரோல் கிடையாது, சத்தம் கிடையாது. கடற்புல்லைக் கலக்குகிற ஜெட் ஸ்கீயையும் பனானா போட்டையும் "சுற்றுலா வளர்ச்சி" என்று கூசாமல் கொண்டுவருகிறவர்கள் முதலில் இந்தக் கேள்வியைத் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆக, கேட்பது பெரிய ஸ்டேடியம் இல்லை. விழாவும் வேண்டாம், நடிகர் வந்து ரிப்பன் வெட்டவும் வேண்டாம். மூன்றே விஷயம். எங்கே, எப்போது இறங்கலாம் என்பதை மீனவர் சங்கத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பத்துப் பதினைந்து பழைய பட்டங்களை வாங்கி, ஊர்ப் பிள்ளைகள் எடுத்துப் பழகும்படி ஒரு பொதுக் கொட்டகையில் வையுங்கள். பாதுகாப்புப் படகை ஊரிலேயே வாடகைக்கு எடுங்கள், நியாயமான கூலி கொடுங்கள். அவ்வளவுதான். ஒரு உயர்கோபுர விளக்குத் திறப்பு விழாவுக்கு ஆகிற ஆரவாரம்கூட இதற்குத் தேவையில்லை.

கடலே இல்லாத நாட்டுக்காரன் தங்கம் வாங்கிப் போகிறான். 163 கிலோமீட்டர் கரையும் இரண்டு பருவக்காற்றும் வைத்திருக்கிறவன் அலை இல்லையே என்று வருத்தப்படுகிறான். குறை கடலில் இல்லை.

பி.கு.: இதைப் படித்துவிட்டு உற்சாகமாகி, கரையில் ஆளும் படகும் இல்லாமல் கச்சான் காலத்தில் யாரும் தனியாக இறங்கித் தொலைக்க வேண்டாம். முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காற்று எப்படி என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.