பஸ்ஸில் எழுந்து நின்ற சாம்பியன்

1971-ம் வருஷம், ஏப்ரல் 4-ந் தேதி. ஜப்பானில் உள்ள நகோயா நகரில் உலக பிங்பாங் போட்டி நடந்துகொண்டிருந்தது. சீன வீரர்களின் பஸ்ஸில் நீண்ட தலைமுடியுடன் ஒரு வெள்ளைக்கார வாலிபர் ஏறினார்.

பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது.

வந்தவர் கிளென் கோவன். அமெரிக்க ஆட்டக்காரர். அமெரிக்காவும் சீனாவும் 20 வருஷங்களுக்கு மேலாகப் பகை நாடுகள். கொரியாவில் நேருக்கு நேர் சண்டை போட்டவை. அமெரிக்கர்களிடம் வலியப் போய்ப் பேசக்கூடாது என்று சீன வீரர்களுக்கு உத்தரவு.

பயணம் 15 நிமிஷம். 10 நிமிஷம் வரை யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு, பஸ்ஸின் பின்பக்கம் இருந்த ஒருவர் எழுந்தார். "வேண்டாம்" என்று கூட இருந்தவர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் உதவியோடு கோவனிடம் பேசினார். ஹுவாங்ஷான் மலைக் காட்சி நெய்த பட்டுத்துணி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

அவர்தான் சுவாங் சேதுங். பெயரைப் பார்த்து மாசேதுங்கின் தம்பியோ என்று நினைக்க வேண்டாம். உறவு ஒன்றும் இல்லை!

மூன்று பட்டங்கள்

சுவாங் 1940-ல் யாங்சோவில் பிறந்தவர். பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்து ஆடுவார். அப்படிப் பிடிப்பவர்களுக்கு இடது பக்கம் வரும் பந்து தொல்லை. பலர் அதைத் தடுத்து அனுப்புவதோடு சரி. சுவாங் அதையும் பாய்ந்து அடிப்பார். 1961, 1963, 1965 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் ஒற்றையர் பட்டம் அவருக்கே.

பிறகு கலாசாரப் புரட்சி வந்தது. 1967, 1969 உலகப் போட்டிகளுக்குச் சீனா போகவே இல்லை. 1959-ல் நாட்டுக்கு முதல் உலகப் பட்டம் வாங்கித் தந்த ரோங் குவோதுவான், 1968-ல் தற்கொலை செய்துகொண்டார். சுவாங்குக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும்தான் பஸ்ஸில் எழுந்தார்.

மறுநாள் கோவன், சமாதானச் சின்னம் போட்ட பனியன் ஒன்றைப் பதிலுக்குக் கொடுத்தார். அமெரிக்க ஆட்டக்காரர்களை அழைக்கும்படி மாசேதுங் உத்தரவிட்டார். ஏப்ரல் 10-ந் தேதி அவர்கள் சீனாவில் கால் வைத்தார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஜனாதிபதி நிக்சனே பீகிங் போனார்.

மந்திரி பதவி

1974-ல் சுவாங் விளையாட்டு மந்திரி ஆனார். இங்கேதான் அவரைக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. மாசேதுங்கின் மனைவி சியாங் சிங்கின் கோஷ்டியில் அவர் சேர்ந்துகொண்டார். மட்டை மட்டும் கையில் இருந்தபோது யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்தவர், நாற்காலி கிடைத்ததும் ஒரு கோஷ்டியின் முகத்தைப் பார்த்து நடந்தார். அந்த நாட்களுக்காகப் பின்னால் அவரே வருந்தினார்.

1976-ல் மாசேதுங் மறைந்தார். கோஷ்டி பிடிபட்டது. சுவாங்கும் சிக்கினார். நான்கு வருஷம் விசாரணை. 1980-ல் தையுவான் நகருக்குப் பயிற்சியாளராக அனுப்பினார்கள். 1985-ல்தான் பீகிங் திரும்ப முடிந்தது. அங்கே சிறுவர்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். தவறு செய்த மந்திரிக்குத் தண்டனை சரிதான். ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏற்பட்ட நட்பின் பலனை நாடு அனுபவித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதரோ ஒதுங்கிக் கிடந்தார். அது நியாயமாகப் படவில்லை.

முதல் மனைவியிடமிருந்து அவர் விவாகரத்துப் பெற்றார். பிறகு சசாகி அத்சுகோ என்ற ஜப்பானியப் பெண்ணை மணக்க விரும்பினார். வெளிநாட்டுப் பெண் என்பதால் சர்க்காரின் அனுமதி வேண்டியிருந்தது. சுவாங் மேலிடத்துக்கு எழுதினார். அத்சுகோ தமது ஜப்பானியக் குடியுரிமையை விட்டுக் கொடுத்தார். 1987-ல் திருமணம் நடந்தது.

கோவன் 2004-ல் காலமானார். சுவாங் 2013, பிப்ரவரி 10-ந் தேதி, 72-வது வயதில், பீகிங்கில் கண் மூடினார்.