மக்களவைக்கு எத்தனை பேர்?

அம்பத்தூரில் புகைவண்டியேறி ஆவடியில் இறங்குவோர், அச்சிறு பயணத்துக்குள் ஒரு மக்களவைத் தொகுதியை நீங்கி மற்றொன்றனுள் புகுந்துவிடுகின்றனர். அம்பத்தூர் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியின் பாற்பட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர்த் தொகுதியின் பாற்பட்டவை. முன்னதன் எல்லை தாம்பரம் வரை ஓடும். பின்னதன் எல்லை ஆந்திரத்தை அடுத்த கும்மிடிப்பூண்டியைத் தொடும். 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஸ்ரீபெரும்புதூர் வாக்காளர் 23 லட்சத்துக்கு மேற்பட்டவர். நாகப்பட்டினத்திலோ 13 லட்சத்தைச் சற்றே கடந்தனர். இரு தொகுதிக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரே. ஆகவே, நாகையார் ஒருவரின் வாக்கோடு நிறுத்துப் பார்க்குங்கால், அம்பத்தூரார் வாக்கு பாதியைச் சற்றே மிஞ்சும்.

இத்தகைய குறைகளைக் காட்டி, அவையின் இடங்களைப் பெருக்குதலே மருந்து என்பார் உளர். 2023 மே மாதம் திறக்கப்பெற்ற புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் அமைந்தமை அவர்தம் வாதத்துக்கு வலுவூட்டிற்று. பந்தலில் இலை மிகுதியாய்ப் போட்டாயிற்று, ஆதலின் விருந்தினரைத் தேடுவோம் என்பது போன்றது இந்நியாயம். ஓர் அவைக்கு எத்துணைப் பேர் வேண்டும் என்பதைத் தச்சர் தீர்மானித்தல் தகாது.

பின் யார் தீர்மானிப்பது? எதனைக் கொண்டு? நம் அரசியல் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது, 7½ லட்சம் மக்களுக்கு ஒருவர்க்குக் குறையாமலும், 5 லட்சத்துக்கு ஒருவர்க்கு மேற்படாமலும், மொத்தம் 500-க்கு மிகாமலும் இருக்க வேண்டுமென விதித்தது. அவ்விதியின் முற்பகுதியை 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் 121 கோடிக்குப் பொருத்தினால், 1,600 பேருக்கு மேல் வேண்டும்! ரைன் தாகெபெரா என்னும் எஸ்தோனிய அறிஞர், உலக நாடுகளின் அவைகளை ஒப்புநோக்கி, மக்கட்டொகையின் கனமூலத்தை ஒட்டியே அவை அமைகின்றது என 1972-இல் எழுதினார். அவர் கணக்கும் நமக்கு ஆயிரத்துக்கு மேல் தருகின்றது. அமெரிக்கரோ இக்கணக்குகளுக்கு அடங்கவில்லை. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த 435 என்னும் எண்ணையே, மக்கள் 9 கோடியிலிருந்து 33 கோடியாய்ப் பெருகிய பின்னும் அவர்கள் விடவில்லை. ஆங்கிலரின் பொதுச்சபையில் 650 பேர். அந்நாட்டின் மக்கள் 7 கோடியை எட்டவில்லை. எனவே பிறர் எண்ணைப் பார்த்து நம் எண்ணைக் குறித்தல் இயலாது.

வேலையை நோக்கி எண்ணைக் குறித்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பகுத்திருக்கக் காண்கிறோம். நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது என்பதை மறைத்து அதனைப் புகழ்தல் நமக்குப் பழக்கமாகிவிட்டது; அது வேறு செய்தி. இன்ன வேலைக்கு இத்துணைப் பேர் என்னும் முறை மட்டும் கொள்ளத்தக்கது.

மக்களவையின் வேலை யாது? அம்பத்தூரின் சாக்கடையும் சாலையும் மாநகராட்சியின் கடன். அவற்றுக்கு அங்கத்தினர் ஆயிரவர் தில்லி சென்றும் பயனில்லை. ஆயின், ஆவடி டாங்கித் தொழிற்சாலையும், நாம் ஏறிவரும் புகைவண்டியும் மத்திய அரசின் பொறுப்பு. 2021-இல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாக மாற்றப்பெற்றபோது, அங்குள்ள தொழிலாளர்க்கு அமைச்சரை எழுப்பிக் கேட்கும் ஒரு குரல் வேண்டியிருந்தது. அக்குரலுக்குரிய வேளை கேள்வி நேரம். அது ஒரு மணி. நாளொன்றுக்கு வாய்மொழி விடைக்கெனப் பட்டியலில் இடம்பெறுவன 20 கேள்விகள். அவையனைத்தும் விடைபெறுதல் அரிது. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரி 135 நாள் கூடிற்று. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாம் மக்களவை ஏறத்தாழ 55 நாளே கூடிற்று. 543 பேருக்கே போதாத நாழிகையை 888 பேருக்குப் பங்கிட்டால் யாருக்கு என்ன கிட்டும்? வாய் பெருகும், வேளை பெருகாது. முதலில் நாளைப் பெருக்கட்டும். பின்னர் ஆளைப் பெருக்குதல் பற்றிப் பேசலாம் என்பதே எம் கருத்து. அம்பத்தூரார் குறைக்கோ மாநிலத்துக்குள் எல்லைகளைத் திருத்தி வரைதலே போதும். நாடு முழுதும் இடம் பெருக்க வேண்டுவதில்லை.

நிற்க. எத்தனை பேர் என்னும் வினாவின் பின்னே, யாருக்கு எத்தனை என்னும் வினா ஒளிந்துள்ளது. 1962-இல் 41 ஆயிருந்த தமிழ்நாட்டின் இடங்கள் 1967-இல் 39 ஆயின. குடும்பக் கட்டுப்பாட்டை மேற்கொள்ளும் மாநிலம் இடமிழத்தல் ஆகாதென்று, 1976-இல் நாற்பத்திரண்டாம் திருத்தம் 1971-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே பங்கை நிறுத்தியது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை 2026-க்குப் பின் எடுக்கும் முதற் குடிக்கணக்கு வரை நீட்டியது. அரசின் சொற்கேட்டு நடந்தவர்க்கு அச்சொல்லாலேயே இழப்பு வருதல் முறையன்று என்று யாமும் சொற்போர் மேடைகளில் முழங்கியதுண்டு.

ஆயினும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடித்துத் திரும்பும் பீகார் இளைஞரைக் காணுந்தோறும் அம்முழக்கம் சற்றே தணிகின்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பீகாரில் 26 லட்சம் பேருக்கு ஓர் அங்கத்தினர். தமிழ்நாட்டிலோ பதினெட்டரை லட்சத்துக்கு ஒருவர். அம்பத்தூரார் நாகையாரை நோக்கிக் கூறும் குறையை அவர் நம்மை நோக்கிக் கூறலாம். நாகையும் அம்பத்தூரும் ஒரே மாநிலத்தின; எல்லை மாறினும் மாநிலத்தின் குரல் குன்றாது; மாநிலங்களுக்கிடையே அங்ஙனமன்று என்பது எம் விடை. இவ்விடை அவர்க்கு நிறைவளிக்குமோ என்பது ஐயமே. அமெரிக்காவில் பெரிய மாநிலமும் சிறியதும் மேலவைக்கு இவ்விருவரையே அனுப்புகின்றன. நம் மாநிலங்களவையிலோ உத்தரப்பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. அவ்வவையில் யாவர்க்கும் சமஇடம் தந்து, பண மசோதாவிலும் அதற்கு உரிமை நல்கினால், மக்களவையைத் தலைக்கணக்குப்படியே பங்கிட யாம் உடன்படுவோம். அதுகாறும் இப்போதைய பங்கு குறைதல் கூடாது.

2027 மார்ச் 1-ஆம் நாளைக் குறியாக வைத்து அறிவிக்கப்பெற்ற குடிக்கணக்கில், அவ்விளைஞர் தங்கியிருக்கும் அம்பத்தூர் அறையிலேயே எண்ணப்படுவார். அவர் தலை தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறும். அவர் வாக்கோ, பெரும்பாலும், கங்கைக் கரையிலுள்ள அவரூரிலேயே இருக்கும்.