சமரசத்தின் பெயரால் உரிமை கைநழுவக் கூடாது

பெரகல சந்தியைச் சூழவுள்ள தோட்டங்களில் வாழும் தொழிலாளி ஒருவர் நீதிமன்றத்தை நாட வேண்டுமாயின் அப்புத்தளை வழியாகப் பண்டாரவளைக்கோ, அதற்கும் அப்பால் பதுளைக்கோ செல்ல வேண்டியுள்ளது. ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் 'பேரை' இழந்து, பஸ் கட்டணமும் சட்டத்தரணிக்கான கட்டணமும் செலுத்தியும், பல சந்தர்ப்பங்களில் அடுத்த தவணைக்கான திகதியுடன் மட்டுமே அவர் திரும்புகின்றார். இத்தகையோருக்கு வழக்கிற்கு வெளியே பிணக்கைத் தீர்க்கும் வழி பெரும் நிவாரணம் என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை.

இவ்வழி நமக்குப் புதியதன்று. ஊர்ப் பஞ்சாயத்தும், பள்ளிவாசல் நிர்வாகத்தினர் முன்னிலையில் செய்யப்படும் சமரசமும் நமது சமூகங்களில் வேரூன்றியவை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் இம்மரபுக்குச் சட்ட வடிவம் தந்தது. இன்று நாடெங்கும் 300க்கும் மேற்பட்ட மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. குறித்த தொகைக்கு உட்பட்ட கடன், சொத்துப் பிணக்குகள் பலவற்றில், இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழின்றி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவே முடியாது. சபை தீர்ப்பு வழங்குவதில்லை; இரு தரப்பினரும் மனமுவந்து உடன்பட்டால் மட்டுமே அங்கு தீர்வு உண்டு.

ஆயின், இச்சபைகளின் முன் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்ற முடியாது. இதனால் மத்தியஸ்தம் தமது தொழிலுக்கு அப்பாற்பட்டது எனச் சட்டத்தரணிகள் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். இது தவறான முடிவென்றே நாம் கருதுகின்றோம். 2005ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டபோது சட்டத்தரணிகளே மத்தியஸ்தர்களாகப் பயிற்றப்பட்டனர். இங்கு சபைக்குள் இடமில்லை எனினும், அதற்கு முன்னும் பின்னும் ஆற்ற வேண்டிய பணி நிறையவே உண்டு.

தனக்குச் சட்டப்படி உரியது எது, விட்டுக்கொடுக்கத் தக்கது எது என்பதைக் கட்சிக்காரர் சபைக்குச் செல்லுமுன் அறிந்திருக்க வேண்டும். கடன் சீட்டு, பற்றுச்சீட்டு, உறுதி ஆகியவற்றை ஒழுங்குபடுத்திக் கொடுத்தல் வேண்டும். எழுதப்பட்ட இணக்கம் அவருக்குப் புரியும் மொழியில் உள்ளதா என்பதையும் பார்த்தாக வேண்டும். தமக்கு விளங்காத சிங்களப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதை இணக்கம் என்று எவ்வாறு கூற முடியும்?

தொழிற்பிணக்குகளில் இவ்வெச்சரிக்கை மேலும் அவசியமாகின்றது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழில் திணைக்களத்தின் ஊடாகச் சமரசத்திற்கும் நடுத்தீர்ப்புக்கும் வழி வகுத்துள்ளது. தோட்ட நிர்வாகமும் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்தாலும் இருவரும் சமபலம் உடையவர்கள் அல்லர். பணிநீக்கத்திற்கு எதிராகத் தொழில் நியாய சபையை நாடுவதற்கு ஆறு மாத காலமே உண்டு. பேச்சுவார்த்தை நடக்கின்றது என்று காத்திருந்து அக்காலத்தைத் தவறவிட்டவர், சமரசத்தையும் வழக்கையும் ஒருங்கே இழக்கின்றார். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் சட்டம் அளித்த உரிமைகள். அவை பேரம் பேசுவதற்குரியவை அல்ல. இவற்றை உரிய வேளையில் எடுத்துரைக்க வேண்டியவர் சட்டத்தரணியே.

சமரசத்தினால் தமது வருமானம் குன்றும் என்ற அச்சம் சிலரிடம் இருக்கலாம். பிணக்கை விரைந்து தீர்க்க உதவிய சட்டத்தரணியையே மக்கள் மீண்டும் நாடுவர் என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. சர்வதேச வர்த்தகப் பிணக்குகளில் மத்தியஸ்தத்தை அங்கீகரிக்கும் சிங்கப்பூர் உடன்படிக்கையில் 2019ஆம் ஆண்டு இலங்கை கைச்சாத்திட்டது. பெரும் நிறுவனங்கள் தேர்ந்த சட்ட ஆலோசனையுடனேயே சமரச மேசைக்குச் செல்கின்றன. லயன் அறையில் வாழ்பவர் மட்டும் வெறுங்கையுடன் செல்ல வேண்டுமா?

சட்ட உதவி ஆணைக்குழுவும் ஊவாவின் சட்டத்தரணிகளும் தோட்டங்களுக்கே சென்று, தமிழில் இவ்வாலோசனையை வழங்க முன்வர வேண்டும். மத்தியஸ்த சபைகளில் தமிழ் அறிந்த மத்தியஸ்தர்கள் போதியளவு நியமிக்கப்படுவதையும் உரிய தரப்பினர் உறுதிசெய்தல் வேண்டும். தன் உரிமையை அறிந்தவர் விட்டுக்கொடுப்பதே சமரசம். அறியாதவர் விட்டுக்கொடுப்பது இழப்பாகும்.