அரிய பிறழ்வுக்கு அவரவர் செல்லே சான்று

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய், சிஎஃப்டிஆர் எனப்படும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்டு வந்து சேரும் குழந்தைக்கு ஏற்படுகிறது. அம்மரபணு உருவாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் குளோரைடு அயனிகளுக்கு வாயிலாக இருப்பதால், அது செயலிழந்தால் நுரையீரலிலும் கணையத்திலும் சுரப்புகள் வறண்டு கெட்டிப்பட்டு, தீராத சளியும் உடல் தேறாமையும் தொடர்கின்றன. வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதால், குற்றாலத்தில் சாரல் ஓய்ந்தபின் தென்காசிச் சமவெளியில் அடிக்கும் வெயிலில் இக்குழந்தைகள் துவண்டுபோகும் அபாயமும் உண்டு. வெள்ளையருக்கே உரிய நோய் என்ற பழைய நம்பிக்கையால், இங்கே இது காசநோயாகவோ சத்துக்குறைவாகவோ தவறாகக் கணிக்கப்படுகிறது.

1989இல் கண்டறியப்பட்ட இம்மரபணுவில் இதுவரை 2,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. ஐரோப்பிய நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எஃப்508டெல் என்ற ஒரே பிறழ்வைச் சுமப்பதால், 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிரிகாஃப்டா என்ற கூட்டு மருந்து அப்பிறழ்வை மனத்தில் வைத்தே சோதிக்கப்பட்டது. இந்திய ஆய்வுகளிலோ அப்பிறழ்வின் பங்கு பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே, மரபணு அறிக்கை கையில் இருந்தும், மருந்து பயன்தருமா என்று மருத்துவரால் சொல்ல முடியாத நிலை ஐரோப்பாவைவிட இங்கேதான் அதிகம்.

இவ்விடத்தில்தான் நோயாளியின் சொந்த செல்கள் உரைகல்லாகின்றன. மலக்குடலிலிருந்து எடுக்கும் சிறு திசுத்துணுக்கில் உள்ள ஸ்டெம் செல்களை, அதாவது பிற செல்களைத் தோற்றுவிக்கும் மூல செல்களை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் ஆர்கனாய்டு எனப்படும் நுண்ணிய குடல் உருண்டைகள் உருவாகின்றன. ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும், வாயில் திறக்கும் உருண்டைக்குள் குளோரைடும் அதைத் தொடர்ந்து நீரும் புகுந்து அது வீங்குகிறது. நோயுற்ற செல்லின் உருண்டையோ அசைவதில்லை. மருந்திட்ட பிறகு அதுவும் வீங்கினால், அந்நோயாளிக்கு அம்மருந்து பலனளிக்கும் வாய்ப்பு மிகுதி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இம்முறையின் வலிமை, பிறழ்வின் பெயர் தெரியாதபோதும் அதன் விளைவை நேரடியாகக் காட்டுவதில் இருக்கிறது.

அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நீடிக்கும் தென்மாவட்டங்களில் இதற்குத் தனிப் பொருத்தமும் உண்டு. உறவுத் திருமணத்தில் ஒரே அரிய பிறழ்வு இரு வழியாகவும் இறங்கக்கூடும் என்பதால், அத்தகைய குழந்தையின் செல் அப்பிறழ்வின் தன்மையைக் கலப்பின்றிக் காட்டும். ஒரு குழந்தையின் சோதனை, அதே பிறழ்வுள்ள வேறு குழந்தைகளுக்கும் வழிகாட்டும்.

எனினும் மருந்தின் விலை கட்டுக்குள் வராமல் சோதனை மட்டும் வருவது கொடுமையே. டிரிகாஃப்டாவின் அமெரிக்கப் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் அதிகபட்ச உதவியான 50 லட்சம் ரூபாய், அவ்விலையில் சுமார் இரண்டு மாதங்களுக்குத்தான் தாங்கும். மருந்தோ வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவது. பொதுப்பெயர் மருந்தாகத் தயாரித்தால் செலவு இதில் மிகச் சிறு பங்கே ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கையில், காப்புரிமை பெற்ற மருந்தைப் பிறரும் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை வழங்கும் அதிகாரத்தை அரசு பயன்படுத்தத் தயங்குவதற்கு நியாயம் இல்லை.

செல்களை ஆராயும் திறனும் தொலைவில் இல்லை. வேலூர் சிஎம்சி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் உள்ளது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அரிய நோய்களுக்கான மத்திய அரசின் சிறப்பு மையமாக உள்ளது. ஐரோப்பாவில் அரிய பிறழ்வுடைய சுமார் 500 பேரின் திசுக்கள் நாடு கடந்து பொது ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டதைப் போல, திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ எடுக்கும் துணுக்கு வேலூருக்குப் பயணப்படுமாறு தமிழக, கேரள அரசுகள் உடன்பாடு செய்துகொண்டால், தென்காசிக் குடும்பம் நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாநிலத்தின் மறுகோடிக்கு அலைய வேண்டியதில்லை.