நகையை அடகு வைப்பதற்கு முன்

காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். எல்லோரும் பென்ஷன்காரர்கள். போன வாரம் அதில் ஒருவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பாதி நடையிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், பையன் வேலையை விட்டுட்டான். சொந்தமா படம் எடுக்கப் போறானாம். ரிட்டயர்மென்ட் பணத்தில பத்து லட்சம் கேக்கான். குடுக்கலாமா?"

நான் வாயைத் திறக்குமுன்னே பக்கத்தில் இருந்தவர் சொல்லிவிட்டார்: "சத்யஜித் ரே பொண்டாட்டி நகையை அடகு வச்சுத்தானே சார் படம் எடுத்தார். தைரியமா குடுங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பல வீட்டு நகைகள் அடகுக் கடைக்குப் போயிருக்கின்றன. எங்கள் குடும்பத்திலும் போனது. அதனால் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரே கதையை முழுசாகச் சொல்லிவிடுவோம். 1952இல் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பைத் தொடங்கினார். இன்ஷூரன்ஸ் பாலிசி மேல் கடன் வாங்கினார், இசைத்தட்டுகளை விற்றார், மனைவியின் நகையையும் அடகு வைத்தார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பணம் தீர்ந்துபோய் படம் மாதக்கணக்கில் நின்றது. அதை முடித்து வைத்தது மேற்கு வங்க அரசின் பணம். 'பாதையின் பாட்டு' என்ற பொருள்படும் தலைப்பைப் பார்த்து, சாலை மேம்பாட்டுக் கணக்கில் அதை எழுதினார்கள் என்று இன்றும் சொல்வார்கள். படம் அரசின் சொத்தானது. கல்கத்தாவில் வெளியாகும் முன்பே, 1955 மே மாதம், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள். அங்கிருந்து வந்த ஒருவர் கல்கத்தாவில் அதன் புகைப்படங்களைப் பார்த்து முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். 1956இல் கான் விழாவில் பரிசு.

அதாவது நகை அந்தப் படத்தை ஆரம்பித்து வைத்தது, அவ்வளவுதான். முடிக்க ஓர் அரசாங்கம் வேண்டியிருந்தது, காட்ட ஓர் அருங்காட்சியகம் வேண்டியிருந்தது. நம் ஆட்கள் நகையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

இனி என் கதை. வங்கியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி கடன் பிரிவு. மாவு மில் வைக்கக் கடன் கேட்டு வந்தால்கூட, "யார் அரைக்க வருவார்கள், பக்கத்தில் வேறு மில் இருக்கிறதா, கரண்ட் பில் எவ்வளவு" என்று குடைவேன். பதில் சரியில்லை என்றால் மனுவைத் திருப்பி அனுப்புவேன். கண்டிப்பானவன் என்று பெயர்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் என் அக்கா மகன் வந்தான். "மாமா, நீங்க ஒரு ஆறு லட்சம் குடுத்தாப் போதும், மீதி அம்மா பாத்துக்கிடுவா" என்றான். கதை சொன்னான். நல்ல கதை. பீடி சுற்றும் ஒரு பெண், கண் பார்வை மங்கிய அவள் மாமியார். கேட்டு எனக்குக் கண் கலங்கியது. செக் எழுதிக் கொடுத்தேன். மாவு மில்காரரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட அவனிடம் கேட்கவில்லை. இந்தப் பதிவில் யாரையாவது திட்டுகிறேன் என்றால், முதலில் என்னைத்தான்.

அம்பாசமுத்திரம் பக்கம் 23 நாள் படப்பிடிப்பு. மொத்தச் செலவு 38 லட்சம். அக்கா வீட்டுப் பத்திரமும் நகையும் அதில் அடக்கம். படம் நன்றாகவே வந்திருந்தது. சென்சார் சான்றிதழும் கிடைத்தது. அப்புறம் இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் 38 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடப் படத்தை வெளியே கொண்டுவர ஒதுக்கவில்லை.

நம் காலத்தில் படப்பெட்டி பஸ்ஸில் வரும். "பொட்டி வந்தாச்சா" என்று தியேட்டர் வாசலில் நிற்போம். இப்போது பெட்டி இல்லை, டிஜிட்டல்தானே, செலவில்லை என்று நினைத்தேன். அதுவும் தப்பு. படத்தைத் தியேட்டர் கருவிக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு திரைக்கும் தயாரிப்பாளர் கட்டணம் கட்ட வேண்டும். 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய ஏழு வாரம் புதுப்படம் வெளியிடாமல் நின்றது முக்கியமாக இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான். போஸ்டர், ஒட்டுக்கூலி, விளம்பரம் தனி. பெரிய நடிகர் படம் என்றால் விநியோகஸ்தர் ஏரியாவுக்கு இவ்வளவு என்று எம்.ஜி. கொடுத்து வாங்குவார். மினிமம் கேரன்டி. படம் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் தயாரிப்பாளருக்குத்தான். முகம் தெரியாத ஆள் நடித்த படத்துக்கு எம்.ஜி.யும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. வசூலில் வரி போக, தியேட்டர் பங்கு போக, விநியோகஸ்தர் கமிஷன் போக மிச்சம் இருந்தால் உனக்கு.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, இன்னும் நாலைந்து படங்களோடு சேர்ந்து வந்தது. நெல்லையில் ஒரே தியேட்டர், காலை 11.30 காட்சி மட்டும். முதல் நாள் உள்ளே 14 பேர். அதில் ஒன்பது பேர் எங்கள் வீட்டு ஆட்கள். திங்கட்கிழமை போனால் போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டியிருந்தது. தியேட்டர்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. ஏ.சி. ஓட்ட அவருக்குக் காசு வேண்டாமா?

அக்காவின் வீட்டுப் பத்திரம் இன்னும் மீளவில்லை. என் ஆறு லட்சத்தை நான் கேட்கப் போவதுமில்லை.

"ஓ.டி.டி. இருக்கிறதே" என்பார்கள். நம் வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் விழாவில் முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது. ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பில் போனது. பின்னால் நிற்பதற்குத் திரையுலகப் பிரபலங்களும் இருந்தார்கள். அப்படியும் ஓ.டி.டி. வழியாக நம் வீட்டுக்கு வந்தது 2023 அக்டோபரில். அந்தப் படத்துக்கே அவ்வளவு காலம் என்றால், விருதும் பின்புலமும் இல்லாத பையனுக்கு எவ்வளவு காலம்? அதுவரை வட்டியை யார் கட்டுவது?

விருது கிடைத்தால் போதும் என்பதும் பழைய மயக்கம். ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்தார். 1964ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படம் என்ற சான்றிதழ் பெற்றது. நம்மில் எத்தனை பேர் அதைத் தியேட்டரில் பார்த்தோம்? கை தூக்குங்கள்.

"கலையை மாவு மில்லோடு ஒப்பிடலாமா?" என்று சிலர் கோபப்படுவீர்கள். பணத்தாசை பிடித்துப் பேசவில்லை. பீடி சுற்றும் பெண்ணின் கதையைப் பீடி சுற்றும் பெண்கள் ஒருவர்கூடப் பார்க்கவில்லையே, அதுதான் என் ஆற்றாமை. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் அத்தனை வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லை. படம் எடுத்தால் பார்க்க ஆள் தானாக வரும் என்று இருந்துவிட்டோம்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1976இல் ஷியாம் பெனகல் 'மந்தன்' எடுத்தார். குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். பத்து லட்சம் சேர்ந்தது. படம் வந்ததும், தங்கள் படத்தைப் பார்க்க லாரி லாரியாக வந்தார்கள். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், பிறகு கேரளத்தில் ஒடேசா என்ற கூட்டமைப்போடு ஊர் ஊராகப் போய், சாப்ளின் படம் போட்டுக் காட்டிக் காசு திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார். முடிந்த படத்தையும் அப்படியே ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 2013இல் கன்னடத்தில் பவன் குமார் 'லூசியா'வுக்கு இணையம் வழியே பொதுமக்களிடம் பணம் திரட்டினார்.

இவர்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான். பார்க்கிறவனை முதலில் தேடிவிட்டார்கள். அவனிடம் வாங்கிய காசில் படம் எடுத்தார்கள்.

எல்லோருக்கும் பால் சங்கம் அமையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து லட்சத்தை ஒரு தகப்பன் கொடுப்பதும், ஐந்நூறு பேர் ஆளுக்கு இரண்டாயிரம் கொடுப்பதும் கணக்கில் ஒன்றுதான். வெளியாகும் அன்றைக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். தகப்பன் ஒரு டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பார். ஐந்நூறு பேர் வீட்டோடு வருவார்கள். ஐந்நூறு பேரிடம் கேட்கப் பையன் கூச்சப்பட்டால், ஐம்பதாயிரம் பேரிடம் டிக்கெட் எப்படி விற்பான்? ஒன்று மட்டும் கவனம். லாபம் தருகிறேன் என்று சொல்லி ஊராரிடம் வாங்கக் கூடாது. டெபாசிட் சட்டத்தில் மாட்டிக்கொள்வான். நன்கொடையாகவோ முன்கூட்டி விற்கும் டிக்கெட்டாகவோ, ரசீது போட்டு வாங்கட்டும்.

தலைமையாசிரியரிடம் நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தேன். இந்தப் படத்தை யார் பார்க்க வேண்டும், அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? அந்த ஊரில் எங்கே, எந்த வாரத்தில் காட்டப் போகிறாய்? மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வெளியீட்டுக்கென்று தொடாமல் வைப்பாயா? ஒரு ரூபாய்கூடத் திரும்பாவிட்டால் அப்பா அம்மாவின் மருந்துச் செலவுக்கு என்ன வழி?

"பையன் கோவிச்சுக்கிடுவானே" என்றார். கோபித்துக்கொள்ளட்டும். என் மருமகனிடம் இதைக் கேட்டிருந்தால் அவனும் கோபித்திருப்பான். ஆறு மாதம் என்னோடு பேசாமல் இருந்திருப்பான். இப்போது நன்றாகத்தான் பேசுகிறான். ஆனால் நான் போனால் தலையைக் குனிந்துகொள்கிறான். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நாலு கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு அந்தப் பையன் வரட்டும். ஐந்நூறு பேரில் முதல் ஆளாக என் இரண்டாயிரத்தை நானே தருகிறேன்.