இலங்கையைக் காத்த கனடியர்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நம்மவர் கிள்ளிய கொழுந்து, தேயிலையாகிக் கப்பலேறியது கொழும்புத் துறைமுகத்தில். தோட்டத்து லயங்களுக்குரிய அரிசி வந்திறங்கியதும் அங்கேதான். 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் அத்துறைமுகத்தைத் தாக்க ஜப்பானியக் கடற்படை புறப்பட்டு வந்தது.

ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானமொன்று அதனைத் தென்கடலிற் கண்டது. விமானி லெனார்ட் பேர்ச்சால் ஒரு கனடியர். இலங்கைக்கு வந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. கப்பல்களை எண்ணியறிய அருகே செல்லவேண்டும். சென்றால் தப்புவது அரிது. அவர் சென்றார். செய்தி கரையை எட்டியது. விமானமோ சுட்டு வீழ்த்தப்பட்டது. கனடியரும் பிரித்தானியருமாக அதிலிருந்த ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர்; அறுவர் 1945 வரை சிறையிருந்தனர்.

மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலே குண்டுகள் விழத்தான் செய்தன. ஆயினும் கப்பல்கள் பல முன்னரே துறைமுகத்தை விட்டு அகன்றிருந்தன.

சிறைமுகாமிலும் பேர்ச்சால் நோயுற்ற கைதிகளுக்காகப் பரிந்து நின்று அடிபட்டார். 'இலங்கையின் இரட்சகர்' எனப் போற்றப்பெற்ற அவர் 2004இல் மறைந்தார்.

புகழ் வந்தது ஒருவருக்கு; எச்சரிக்கை அனுப்பச் சென்றவர்களோ ஒன்பதின்மர். பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது, கரை சேராத அந்த மூவரையும் சேர்த்தே சொல்வோம்.